ஒழித்து அறிதல்: குளூடோ என்னும் துப்பறியும் பலகையாட்டம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



துப்பறியும் இலக்கியம் என்ற பொதுத் தலைப்பை எனக்குத் தந்த விழாக் குழுவினர், அதனுள் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்ற உரிமையையும் சேர்த்தே தந்தனர். உரிமை தந்தவர்கள் இப்போது சற்றே கவலைப்படக்கூடும். ஏனெனில் நான் நாவலைப் பற்றியோ சிறுகதையைப் பற்றியோ பேச வரவில்லை. ஒரு பலகையாட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் குளூடோ. அமெரிக்காவில் அதனைக் குளூ என்பர். ஒரு மாளிகை, ஒரு கொலை, ஆறு பேர் மேல் ஐயம். குற்றவாளி யார், கருவி எது, இடம் எது என்பதைச் சீட்டுகளைக் கொண்டு கண்டறிவதே ஆட்டம்.

கவிஞர்கள் கூடும் அவையில் பலகையாட்டத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். துப்பறியும் நாவலில் பொறுமை இழந்த வாசகர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆசிரியரால் அவரைத் தடுக்க இயலாது. இந்த ஆட்டத்தில் கடைசிப் பக்கம் ஓர் உறைக்குள் கிடக்கிறது. அதனைத் திறந்து பார்க்கும் உரிமை ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. பார்த்தது தவறென்றால் அவர் ஆட்டம் அத்துடன் முடிந்தது. ஐயத்தை எவ்வளவு நேரம் தாங்குவது, எப்போது துணிவது என்ற கேள்வியை இவ்வளவு கறாராகக் கற்பிக்கும் வேறொரு பொழுதுபோக்கை நான் அறியேன். பத்தாண்டுகளாகப் பிறர் கவிதைகளைப் படித்து அவற்றின்மேல் முடிவு சொல்லிவரும் நமக்கு அந்தக் கேள்வி அயலானதன்று.

போர்க்காலத்தில் பிறந்த ஆட்டம்

இவ்வாட்டத்தை உருவாக்கியவர் அந்தோனி எர்னஸ்ட் ப்ராட். 1903இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர். பியானோ வாசிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். விடுதிகளிலும் கப்பல்களிலும் விருந்தினர்க்கு இசை வழங்கியவர். இரண்டாம் உலகப் போர் வந்தது. விடுதிகளின் விளக்குகள் அணைந்தன. இசைக் கலைஞர் ப்ராட், பர்மிங்ஹாமில் டாங்கிகளுக்கு உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

போருக்கு முந்தைய இருபதாண்டுகள் ஆங்கிலத் துப்பறியும் கதையின் பொற்காலம் என்று சொல்லப்படுகின்றன. அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920இல் நூலாக வந்தது. துப்பறியும் கதைக்குரிய பத்து விதிகளை ரொனால்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் 1929இல் வகுத்தார். துப்பறியும் கதாசிரியர்கள் கூடி 1930இல் தங்களுக்கென ஒரு மன்றமே அமைத்துக்கொண்டனர். கதைக்குள் துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் ஒவ்வொன்றும் வாசகருக்கும் கிடைத்தாக வேண்டும் என்பதே இவர்கள் போற்றிய நெறி. அதாவது ஆசிரியர் வாசகரை ஏமாற்றலாம், வஞ்சிக்கக் கூடாது. இதே காலத்தில் வசதி படைத்தோர் வீட்டு விருந்துகளில் கொலை விளையாட்டு என்று ஒன்று இருந்தது. ஒருவர் இரகசியமாகக் கொலைகாரர் ஆவார். ஒருவர் இறந்தவராய் விழுவார். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். விடுதிகளில் பியானோ வாசித்த ப்ராட் இவற்றையெல்லாம் அறிந்திருந்தார்.

போர்க்கால இரவுகளில் ஜன்னல்களைக் கறுப்புத் திரையால் மூடிக்கொண்டு மக்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர். விருந்து இல்லை, விருந்தினர் இல்லை. இழந்துபோன அந்த மாலைப் பொழுதுகளை ஒரு மேசை அளவுக்குச் சுருக்கிப் பலகையாக்கினார் ப்ராட். பலகையின் படத்தை வரைந்தவர் அவருடைய மனைவி எல்வா. 1944 டிசம்பர் 1 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947இல் அது கிடைத்தது. அவர் முதலில் வைத்த பெயர் 'கொலை' என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல்தான். முதல் வடிவத்தில் பாத்திரங்கள் பத்துப் பேர். கருவிகளின் பட்டியலில் கோடரி, வெடிகுண்டு, நஞ்சு, ஊசி ஆகியவையும் இருந்தன.

லீட்ஸ் நகரத்து வாடிங்டன்ஸ் நிறுவனம் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது. அச்சுத் தொழிலில் பெயர் பெற்ற நிறுவனம் அது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் பகைநாட்டிலிருந்து தப்பி வருவதற்குரிய நிலப்படங்களைப் பட்டுத் துணியில் அச்சிட்டுத் தந்த நிறுவனமும் அதுவே. பெயர் மாறியது, பாத்திரங்கள் ஆறாகக் குறைந்தனர், கோடரியும் வெடிகுண்டும் போயின. போருக்குப் பிந்தைய பொருள் தட்டுப்பாட்டால் வெளியீடு தள்ளிப்போய், ஆட்டம் 1949இல்தான் கடைக்கு வந்தது. அதே ஆண்டில் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் அதனைக் குளூ என்ற பெயரில் வெளியிட்டது.

குளூடோ என்ற பெயருக்குள் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று, தடயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய குளூ. மற்றொன்று லூடோ, இலத்தீனில் 'விளையாடுகிறேன்' என்று பொருள். ஆங்கிலேயர் வீடுகளில் லூடோ என்ற பலகையாட்டம் ஏற்கெனவே இருந்தது. 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது அது. அந்த லூடோவின் மூலம் எது? நம் நாட்டுப் பச்சீசி. பச்சீசிக்கு உறவான தாயத்தை நம் வீட்டுத் திண்ணைகளில் கரித்துண்டால் கட்டம் வரைந்து ஆடியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஆங்கில மாளிகையில் நடந்த கொலைக்கு வைத்த பெயரில், திண்ணைத் தாயத்தின் தூரத்து உறவு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆட்டத்தின் அமைப்பு

ஆடும் முறையைச் சொல்லாமல் அதன் அழகைச் சொல்ல இயலாது. ஆகவே சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பலகை ஒரு மாளிகையின் தரைப்படம். அதில் ஒன்பது அறைகள்: சமையலறை, நடனக்கூடம், கண்ணாடிக் கூரையிட்ட செடிக்கூடம், உணவுக்கூடம், பில்லியர்ட்ஸ் அறை, நூலகம், ஓய்வுக்கூடம், முன்கூடம், படிப்பறை. நான்கு மூலைகளில் உள்ள அறைகளுக்கிடையே குறுக்காகச் சுரங்க வழிகள் உண்டு. சமையலறையில் இறங்கினால் படிப்பறையில் ஏறலாம்; செடிக்கூடத்தில் இறங்கினால் ஓய்வுக்கூடத்தில் ஏறலாம்.

ஐயத்திற்குரியவர் ஆறு பேர்: மிஸ் ஸ்கார்லெட், கர்னல் மஸ்டர்டு, மிஸஸ் ஒயிட், ரெவரெண்டு கிரீன், மிஸஸ் பீகாக், பேராசிரியர் பிளம். பெயர்களே நிறங்களாக இருப்பதைக் காண்க. குங்குமச் சிவப்பு, கடுகு மஞ்சள், வெள்ளை, பச்சை, மயில் நீலம், ஊதா என்று ஒவ்வொருவருக்கும் தம் பெயரின் நிறத்திலேயே காய். மதகுருவைக் கொலை வழக்கில் சேர்ப்பது அமெரிக்கப் பதிப்பாளர்க்கு ஒவ்வாததால் ரெவரெண்டு கிரீன் அங்கே வெறும் மிஸ்டர் கிரீன் ஆனார். கருவிகளும் ஆறு: குத்துவாள், மெழுகுவர்த்தித் தண்டு, கைத்துப்பாக்கி, கயிறு, ஈயக்குழாய், ஸ்பானர். கொல்லப்பட்டவர் டாக்டர் பிளாக்.

ஆறு பேர், ஆறு கருவி, ஒன்பது அறை. ஆக 21 சீட்டுகள். ஒவ்வொரு வகையிலும் ஒரு சீட்டை எவரும் பாராமல் எடுத்து உறையிலிட்டுப் பலகையின் நடுவில் வைப்பர். அந்த மூன்று சீட்டுகளே உண்மை. அது 324 வகையில் அமையக்கூடும். ஆறை ஆறால் பெருக்கி ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். எஞ்சிய 18 சீட்டுகளைக் கலைத்து ஆடுவோருக்குப் பங்கிடுவர். மூவர் ஆடினால் ஆளுக்கு 6 சீட்டு. உங்கள் கையிலுள்ள சீட்டு உறையில் இல்லை. எனவே ஆட்டம் தொடங்கும்போதே நீங்கள் சில பேரை, சில கருவிகளை, சில அறைகளை விடுவித்துவிடுகிறீர்கள். இந்த ஆட்டத்தில் அறிவு என்பது விடுவித்துக்கொண்டே போவதுதான்.

பகடையை உருட்டிக் காயை நகர்த்தி ஓர் அறைக்குள் நுழைந்ததும், அந்த அறையை வைத்து ஓர் ஐயத்தைச் சொல்லலாம். "கர்னல் மஸ்டர்டு, குத்துவாளால், இந்த நூலகத்தில்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடனே மஸ்டர்டின் காயும் குத்துவாளும் நூலகத்திற்கு வந்து சேரும். இடப்பக்கம் இருப்பவர், அம்மூன்றில் ஏதேனும் ஒரு சீட்டு தம்மிடம் இருந்தால் அதனைக் கேட்டவருக்கு மட்டும் இரகசியமாகக் காட்ட வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தாலும் ஒன்றைக் காட்டினால் போதும். எதைக் காட்டுவது என்பது அவர் விருப்பம். அவரிடம் ஒன்றும் இல்லையெனில் "இல்லை" என்பார். கேள்வி அடுத்தவரிடம் செல்லும்.

இங்கே ஒரு நுட்பமான அறம் இருக்கிறது. என் கையிலேயே இருக்கும் சீட்டைப் பிறரிடம் கேட்டு நான் அவர்களைத் திசைதிருப்பலாம், விதி தடுக்காது. ஆனால் கையில் சீட்டை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஆட்டமே சிதைந்துபோகும். கேள்வியில் சூது உண்டு; பதிலில் பொய் இல்லை. எல்லாரும் ஒருவரையொருவர் தோற்கடிக்க முயலும் மேசையில், எல்லாருடைய "இல்லை"யையும் எல்லாரும் நம்பித்தான் ஆக வேண்டும்.

காணாத சீட்டைக் காணுதல்

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மூவர் ஆடுகிறோம். நான் முதலாமவர், என் இடப்பக்கம் இரண்டாமவர், அவருக்கு அடுத்து மூன்றாமவர். குத்துவாளும் சமையலறையும் என் கையில் உள்ளன.

நூலகத்தில் நின்று, மஸ்டர்டு, குத்துவாள், நூலகம் என்று கேட்கிறேன். இரண்டாமவர் இல்லை என்கிறார். மூன்றாமவர் எனக்கு நூலகச் சீட்டைக் காட்டுகிறார். இரண்டாமவருக்கு அது தெரியாது. ஏதோ ஒன்றைக் காட்டினார் என்பது மட்டுமே தெரியும். பின்னொரு முறை இரண்டாமவர் குத்துவாளைப் பற்றிக் கேட்கும்போது நான் அதனை அவருக்குக் காட்டுகிறேன். அதன் பிறகு நான் சமையலறைக்குச் சென்று, மஸ்டர்டு, குத்துவாள், சமையலறை என்று கேட்கிறேன். இரண்டாமவர் இல்லை என்கிறார். மூன்றாமவரும் இல்லை என்கிறார்.

இப்போது நான் அறிந்தது என்ன? குத்துவாளும் சமையலறையும் என்னிடமே உள்ளன. மஸ்டர்டு மட்டும் என்னிடம் இல்லை, அவரிடமும் இல்லை, இவரிடமும் இல்லை. ஆகவே மஸ்டர்டு உறைக்குள் இருக்கிறார். எவரும் எனக்கு எதையும் காட்டவில்லை. இருவரும் சொன்ன "இல்லை"தான் எனக்குக் கிடைத்த சான்று.

இரண்டாமவர் அறிந்ததோ இன்னும் வியப்புக்குரியது. மூன்றாமவர் முன்பு எனக்குக் காட்டியது மஸ்டர்டு, குத்துவாள், நூலகம் என்ற மூன்றில் ஒன்று. குத்துவாள் என் கையில் இருப்பதை அவர் கண்டுவிட்டார். மஸ்டர்டு தம்மிடம் இல்லை என்று மூன்றாமவர் இப்போது சொல்லிவிட்டார். எனவே அன்று காட்டிய சீட்டு நூலகமே. தம் கண்ணில் ஒருபோதும் படாத ஒரு சீட்டை இரண்டாமவர் ஐயமறக் கண்டுவிட்டார்.

நம் மரபில் இந்த அறிவுக்குப் பெயர் உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் சமயக்கணக்கர்களிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி அவளுக்குப் பத்து அளவைகளைச் சொல்கிறான். காட்சியும் கருதலும் நாம் அறிந்தவை. அவற்றுடன் அபாவம் என்ற ஒன்றையும் மீட்சி என்ற ஒன்றையும் அவன் சேர்க்கிறான். ஒன்று இல்லை என்பதை அறிவதும் ஓர் அறிவே என்பது அபாவம். ஒருவர் வென்றார் என்றதும் மற்றவர் தோற்றார் என்பதைச் சொல்லாமலே கொள்வது மீட்சி. பர்மிங்ஹாம் தொழிலாளி மணிமேகலையைப் படித்திருக்கமாட்டார். மனித மனம் எங்கும் இப்படித்தான் நடக்கிறது என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன்.

உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற நமக்கு, சொன்னதிலிருந்து சொல்லாததைக் கொள்வது புதிதன்று. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. குளூடோவில் "இல்லை" என்பதற்கு ஒரே பொருள்தான். கவிதையின் மௌனத்திற்கு அப்படி ஒரே பொருள் இல்லை. துப்பறியும் முறையைக் கவிதைக்குக் கொண்டுவரும் திறனாய்வாளர் இங்கேதான் வழுக்குகிறார். கவிதைக்குள் ஓர் உறை இருக்கிறது, அதற்குள் மூன்று சீட்டு இருக்கிறது என்று அவர் நம்பிவிடுகிறார்.

ஐயமும் துணிவும்

கேட்பது வேறு, முடிவாகச் சாட்டுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்து வைத்ததே ப்ராட்டின் பெருந்திறன் என்று கருதுகிறேன். முன்னதை ஐயவுரை என்றும் பின்னதைத் துணிபுரை என்றும் நாம் அழைக்கலாம். ஐயவுரையை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். தவறினால் இழப்பு இல்லை. மாறாக, ஒவ்வொரு தவறான ஐயமும் ஓர் அறிவைத் தருகிறது. துணிபுரையை ஒரே முறைதான் சொல்லலாம். சொன்னவர் உறையைத் தாம் மட்டும் திறந்து பார்ப்பார். சரியென்றால் வெற்றி. தவறென்றால் சீட்டுகளை மீண்டும் உறையிலிட்டு வாய்மூடி இருக்க வேண்டும்.

தவறிய ஆட்டக்காரரை விதி வெளியே அனுப்பிவிடுவதில்லை என்பதையும் கருத வேண்டும். அவர் காயை நகர்த்த முடியாது, கேள்வி கேட்க முடியாது; ஆனால் பிறர் கேட்கும்போது தம் சீட்டைக் காட்ட வேண்டும். அவர் இழந்தது கேட்கும் உரிமையை மட்டுமே. விடை சொல்லும் கடமை இறுதிவரை உண்டு. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னவருக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை இருக்க முடியுமா?

நம்பியகப்பொருள் கைக்கிளைக்குக் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என்று நான்கு படிகளை வகுக்கிறது. எதிரே நிற்பவள் தெய்வமோ மானிடமோ என்று தலைவன் முதலில் ஐயுறுகிறான், பிறகே துணிகிறான். காதலுக்குச் சொன்ன இலக்கணத்தைக் கொலைக்குச் சொல்கிறாளே இந்தப் பேராசிரியை என்று கவிஞர்கள் என்மேல் வழக்குத் தொடுக்க வேண்டாம். ஐயம் என்ற படியைத் தாண்டிக் குதித்தால் இரண்டிலும் ஆபத்துத்தான்.

ஐயுறாமல் துணிந்த ஓர் அரசனை நமக்கு மிக நன்றாகத் தெரியும். பொற்கொல்லன் சொன்ன ஒற்றைச் சொல்லைக் கேட்டு, வினவாமல், ஆராயாமல், மதுரையில் அவன் சொன்ன துணிபுரை கோவலன் உயிரைக் கொண்டது. பிறகுதான் சிலம்பு உடைந்தது. முத்து என்று எண்ணியிருந்த இடத்திலிருந்து மாணிக்கம் தெறித்தது. உறை திறக்கப்பட்டது; ஆனால் தீர்ப்புக்குப் பின் திறக்கப்பட்டது. அந்த நொடியில் பாண்டியன் தானே குற்றவாளி என்று கண்டான். அந்த அறிவை அவனால் தாங்க இயலவில்லை.

குளூடோவிலும் இதற்கு ஓர் இணை உண்டு; பலர் அதனைக் கவனிப்பதில்லை. நீங்கள் பேராசிரியர் பிளம்மின் காயை நகர்த்தி ஊக்கமாகத் துப்பறிந்துகொண்டிருப்பீர்கள். உறைக்குள் இருக்கும் சீட்டு பேராசிரியர் பிளம்மாகவே இருக்கலாம். கொலைகாரரே தம்மை அறியாமல் கொலைகாரரைத் தேடி அறை அறையாக அலைவார். இறுதியில், "நான்தான் செய்தேன்" என்று முதலில் அறிந்து சொல்பவருக்கே வெற்றி. குற்றத்தை எப்போதும் அடுத்த அறையிலேயே தேடிப் பழகியவர், தம் நிறத்துச் சீட்டைக் குறிப்புத்தாளில் அடிக்க மறந்து தோற்றுப்போவார்.

டாக்டர் பிளாக் எங்கே?

விடுமுறை நாள் ஒன்றில் கல்லூரி விடுதி மாணவியர்க்கு இவ்வாட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். காய்களை அடுக்கி, சீட்டுகளைப் பங்கிட்டு, விதிகளையெல்லாம் சொல்லி முடித்த பிறகு முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "செத்தவருக்குக் காய் இல்லையா அம்மா?"

இல்லை. டாக்டர் பிளாக்கிற்குக் காய் இல்லை, சீட்டு இல்லை. அவர் யார், என்ன செய்தார், அவருக்காக அழ யாரேனும் இருந்தனரா என்பதற்கெல்லாம் விதிநூலில் இடம் இல்லை. கொலைகாரர் ஏன் கொன்றார் என்ற கேள்வியும் இல்லை. யார், எதனால், எங்கே என்ற மூன்றுடன் கேள்விகள் முடிந்தன. ஒரு மனிதரின் சாவு முழுவதும் மூன்று சீட்டுகளாகி ஓர் உறைக்குள் அடங்கிவிட்டது.

இதனைக் குறையென்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் காலத்தை எண்ணிப் பார்க்கும்போது வேறொன்று தோன்றுகிறது. பகலில் ப்ராட் டாங்கிக்கு உறுப்புச் செய்தார். அந்த டாங்கி யாரை, எங்கே, எப்போது கொல்லும் என்பதை அவரும் அறியார், எவரும் அறியார். அவர் வாழ்ந்த பர்மிங்ஹாமின் மேலும், அருகிலிருந்த கவன்ட்ரியின் மேலும் 1940இல் குண்டுகள் பொழிந்தன. இறந்தவர் யாரால் இறந்தார் என்று அங்கே கேட்க முடியாது. குண்டைப் போட்டவனுக்கே தெரியாது. எண்ணிறந்தோர் கேள்வியின்றி மாண்டுகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், ஒரே ஒரு சாவுக்காக ஒரு வீட்டார் முழுவதும் அறை அறையாகச் சென்று விசாரிக்கும் ஓர் ஆட்டத்தை அவர் செய்தார். அங்கே ஒவ்வொரு கொலைக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு கருவி உண்டு. ஓர் இடம் உண்டு. கட்டாயம் ஒரு விடை உண்டு. இதனை ஆறுதல் என்று நான் படிக்கிறேன். இது என் ஐயவுரை, துணிபுரை அன்று.

எனினும் அந்த மாணவியின் கேள்வி நிற்கிறது. புலனாய்வு யார் கொன்றார் என்று கேட்கும். யார் இறந்தார் என்று கேட்பது கவிதையின் வேலை. நம் முன்னோர் அதற்கென்றே கையறுநிலை என்று ஒரு துறையை வகுத்தனர். பாரி இறந்தபின் கபிலர் பாடியவற்றில் கொன்றவர் யார் என்ற விசாரணை முதன்மை பெறவில்லை; இல்லாமற்போனவர் யார் என்பதே நிறைந்திருக்கிறது. குற்றவாளியின் பெயர் தெரிந்தவுடன் வழக்குக் கட்டு மூடப்படும். இறந்தவரின் பெயரைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்க யாரேனும் வேண்டும். அந்தப் பணி இந்த அவையில் அமர்ந்திருப்போருடையது.

உருவாக்கியவரின் தடயம்

இந்த ஆட்டத்தின் வரலாற்றிலும் ஒரு துப்பறியும் கதை உண்டு. 1953இல் ப்ராட் தம் ஆட்டத்தின் வெளிநாட்டு உரிமையை 5,000 பவுனுக்கு விட்டுக்கொடுத்தார். அந்நாளில் அது பெருந்தொகையாகத் தோன்றியிருக்கும். அதன் பிறகு ஆட்டம் உலகெங்கும் பரவியது. 1985இல் மூன்று வேறு முடிவுகளுடன் திரைப்படமாகவும் வந்தது. 15 கோடிப் பெட்டிகள் விற்றதைக் கொண்டாட 1996இல் முனைந்தபோது, உருவாக்கியவர் எங்கிருக்கிறார் என்று வெளியிட்ட நிறுவனத்திற்கே தெரியவில்லை. அவரைப் பற்றிய தடயம் அறிந்தோர் தெரிவிக்குமாறு பொதுமக்களை வேண்டினர். விடை வந்தது. அவர் 1994 ஏப்ரலில், 90ஆம் வயதில், மறைந்திருந்தார். பர்மிங்ஹாமை அடுத்த பிராம்ஸ்குரோவ் ஊரின் இடுகாட்டில் அவருடைய கல்லறை இருக்கிறது. குளூடோவை உருவாக்கியவர் என்ற குறிப்பு அக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நிறுவனம் தேடிய விடையை ஒரு நடுகல் தாங்கி நின்றது.

ஆட்டத்தை அறிந்தோர் கோடிக்கணக்கானோர். ப்ராட்டை அறிந்தோர் சிலர். அந்தப் பலகையை முதன்முதலில் வரைந்த எல்வாவை அறிந்தோர் அவர்களினும் சிலர். சமையலறையும் சுரங்க வழியும் நூலகமும் எங்கெங்கே அமைய வேண்டும் என்று வரைந்த கை அது. வீட்டைச் சமைத்தவரின் பெயர் வீட்டுக்குள் காணாமற்போவதை இலக்கிய வரலாறு படித்த பெண்கள் வியப்புடன் பார்ப்பதில்லை. பலகைக்குள் இருக்கும் சமையற்காரி மிஸஸ் ஒயிட்டின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. 2016இல் வந்த பதிப்பில் அவர் நீக்கப்பட்டு, டாக்டர் ஆர்க்கிட் என்னும் அறிவியலாளர் அவ்விடத்தில் அமர்ந்தார். படித்த பெண்ணொருத்தி மாளிகைக்குள் நுழைந்தது நன்றே. அதற்கு இடம் தரச் சமையலறையில் இருந்தவளைத்தான் எழுப்ப வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

நிறைவாக

அவையோரே, இந்த வட்டம் பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதைகளைப் படித்து வருகிறது. முதல் தொகுப்பைக் கையில் ஏந்திக் கூச்சத்துடன் வந்த இளங்கவிஞர்களை நாம் வரவேற்றிருக்கிறோம். சில நேரங்களில் முதல் கவிதை முடியுமுன்னரே அவர்களைப் பற்றித் துணிபுரையும் வழங்கியிருக்கிறோம். இது மரபு தெரியாதது, இது இன்னாரின் சாயல், இது கவிதையே அன்று என்றெல்லாம் நாம் சொன்னபோது எத்தனை அறைகளுக்குள் நுழைந்து பார்த்தோம்? எத்தனை முறை ஐயவுரை கேட்டோம்? பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்புடன் வந்து நின்றாள். நம் அவையில் துணிபுரை கேட்டுத் திரும்பிப்போன இளைஞர்களுள் பலர் எதையும் உடைத்துக் காட்டத் திரும்பி வருவதில்லை. எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த உறை திறக்கப்படாமலே போய்விடுகிறது.

ஆகவே வரும் பத்தாண்டுகளுக்கு ஒரு வேண்டுகோளை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். நம் கூட்டங்களில் ஐயவுரைகள் பெருகட்டும். ஒருவர் தம் ஐயத்தைச் சொல்லட்டும். அடுத்திருப்பவர் தம் கையிலுள்ள ஒரு சீட்டைக் காட்டட்டும். காட்ட ஒன்றும் இல்லாதவர் இல்லை என்று நேர்மையாகச் சொல்லட்டும். அந்த "இல்லை"யும் நமக்குப் பயன்படும். தவறான துணிபுரை சொன்னவர் எவரேனும் இருப்பின், அவர் எழுந்து போக வேண்டியதில்லை; அமர்ந்திருந்து கேட்போருக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கட்டும்.